கண்ணீரை விட உப்புக் கூடக் கூடாது



மாவனல்லைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கைக்குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். மாமி ஒரு கைப்பிடி சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். "என்ட அஞ்சு பிள்ளைகளும் இதைக் குடிச்சித்தான் வளர்ந்த" என்பது மாமியின் கட்சி. கிளினிக்கில் இருந்த மருத்துவ மாதுவோ, "கையால் அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுக்க வேண்டாம், ஜீவனிப் பக்கற்றை வாங்கி அளந்து கரையுங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது சகோதரியின் கேள்வி. மாமியின் மனமும் நோகாமல் பதில் எழுதுங்கள் என்று ஒரு வேண்டுகோளும் உண்டு!

மாமியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதை இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

1994ஆம் ஆண்டு. என் தங்கச்சியின் மூத்த மகனுக்கு அப்போது பதினொரு மாதம். தங்கச்சி இரண்டாவது பிள்ளைக்கு மசக்கையில் படுத்திருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. மாரி காலம், கிணறுகள் எல்லாம் நிரம்பி வழிந்த நேரம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. பாமசிக்கு ஆள் அனுப்பி நான்கு பக்கற் உப்பு மருந்து எடுப்பித்தேன். பக்கற்றில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைக்குரிய மருந்துதானே, சின்னப் பிள்ளையின் போத்தலில்தானே கரைக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்து, எட்டு அவுன்ஸ் பால் போத்தலில் ஒரு முழுப் பக்கற்றையும் கொட்டிக் கலக்கினேன். எங்கள் உம்மாவும் அருகில் இருந்து, "கட்டியாக் கரைச்சிக் கொடு மகள், அப்பதான் உடம்பில பிடிக்கும்" என்றார்.

பிள்ளை குடித்தான். ஆவலோடு குடித்தான். போத்தலை இழுத்தால் அழுதான். அதைப் பார்த்து எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! மற்றப் பிள்ளைகள் இந்த மருந்தைத் துப்புகிறார்கள், இவன் இப்படிக் குடிக்கிறானே என்று பெருமைப்பட்டோம். அசருக்குள் இரண்டாவது போத்தலும் முடிந்துவிட்டது. மஃரிப் நேரத்தில் அவனுடைய அழுகையின் குரல் மாறியது. கீச்சென்ற ஒரு குரல். தூக்கினால் விறைத்தான், படுக்க வைத்தால் கை வெட்டி வெட்டி இழுத்தது. அப்போதுதான் பயம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கொடுத்தீர்கள்?" அல்ல. "எவ்வளவு தண்ணீரில் கரைத்தீர்கள்?" என்பதுதான். நான் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். எட்டு அவுன்ஸ் என்றால் சுமார் 240 மில்லி லீற்றர். பக்கற்றோ 1 லீற்றர் தண்ணீருக்கானது. அதாவது நான் கொடுத்தது நான்கு மடங்கு உப்பு. அவன் ஆவலோடு குடித்தது மருந்து பிடித்ததால் அல்ல. உப்பு ஏற ஏறத் தாகம் கூடிக்கொண்டே போனதால். நான் அந்தத் தாகத்துக்கு மேலும் மேலும் உப்பையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏறிய உப்பை அவசரமாக இறக்கவும் முடியாதாம். வேகமாக இறக்கினால் மூளை வீங்கிவிடும் என்று சொல்லி, இரண்டு நாள் மெல்ல மெல்லச் சேலைன் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பிவிட்டான். தங்கச்சி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

இதைப் படித்ததும் அந்தப் பக்கற்றின் மீது பயம் வந்துவிடக் கூடாது. உலகத்தில் இத்தனை மலிவான, இத்தனை உயிர்களைக் காப்பாற்றிய மருந்து வேறு அதிகம் இல்லை. அதன் பலம் முழுவதும் அளவில்தான் இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

எப்படி என்று கேளுங்கள். வயிற்றோட்டத்தின்போது குடலில் இருந்து தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன. வெறும் தண்ணீரைக் கொடுத்தால் போன உப்பு திரும்பி வராது. உப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தால் நோயுற்ற குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. ஆனால் குடலின் சுவரில் ஒரு வழி இருக்கிறது. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் கைகோத்து வந்தால் அந்த வழி இரண்டையும் உள்ளே விடும். அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். கொலரா போன்ற கடும் நோயிலும் இந்த வழி அடைபடுவதில்லை. நாம் போடும் வெள்ளைச் சீனியில் பாதி குளுக்கோஸ்தான்.

இந்தச் சோடியில் சீனி கூடிவிட்டால், உள்ளே போக முடியாத சீனி குடலிலேயே தங்கி, உடம்பிலிருந்து மேலும் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். பிள்ளைக்கு ருசியாக இருக்கட்டும் என்று இரண்டு கரண்டி சீனி கூட்டிப் போடும் தாய் செய்வது இதைத்தான். சோடாவும் கடையில் விற்கும் இனிப்புப் பானங்களும் வயிற்றோட்டத்துக்கு உதவாது என்பதற்கும் காரணம் இதுவே. உப்புக் கூடினால் என்ன நடக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். உப்புக் குறைந்தாலோ, பிள்ளை குடித்துக்கொண்டே இருக்கும், உடம்பு சோர்ந்துகொண்டே போகும்.

இந்த மருந்து பிறந்த கதையே ஓர் அளவைக் கதைதான். 1968ஆம் ஆண்டு டாக்காவில் கொலரா ஆய்வுகூடத்தில் டேவிட் நளின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டொக்டர்கள் வேலை செய்தார்கள். அங்கு நோயாளிகள் படுக்கும் கட்டிலில் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். கீழே ஒரு வாளி. எவ்வளவு வெளியேறுகிறது என்று வாளியில் அளந்து, அதே அளவு உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணீரை வாயால் குடிக்கக் கொடுத்தார்கள். நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய சேலைனின் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

மூன்று வருடங்கள் கழித்து, 1971இல், பங்களாதேஷ் யுத்தத்தில் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு ஓடினார்கள். பொங்காவோன் என்ற ஊரில் அகதிகளிடையே கொலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்குச் சேலைன் தீர்ந்துபோய்விட்டது. அங்கிருந்த டொக்டர் திலீப் மஹலநபீஸ், கல்கத்தாவில் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் நிறுத்துப் பொதி கட்டச் செய்து கொண்டுவந்து, பெரிய பீப்பாய்களில் தண்ணீரில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் தாய்மாரும் சகோதரிகளும் கோப்பைகளில் அள்ளிக்கொண்டு போய்ப் பருக்கினார்கள். நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்தத் தண்ணீர் கிடைத்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகிவிட்டது. கவனியுங்கள், பருக்கியவர்கள் நோயாளிகளின் உறவினர்கள். ஆனால் பொதியை யாரும் கண்மதிப்பில் கட்டவில்லை, ஒவ்வொன்றையும் நிறுத்தே கட்டினார்கள்.

இனி மாவனல்லை மாமியிடம் வருகிறேன். கைப்பிடியும் சிட்டிகையும் தவறு என்று நான் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் பங்களாதேஷில் ஒரு நாடே கைப்பிடியையும் சிட்டிகையையும் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. பிரக் என்ற நிறுவனம் 1980 முதல் 1990 வரை கிராமம் கிராமமாக இளம் பெண்களை அனுப்பியது. அவர்கள் வீட்டு முற்றத்திலும் அடுப்படியிலும் உட்கார்ந்து தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அரை சேர் என்பது ஏறத்தாழ அரை லீற்றர். 1 கோடி 20 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு இப்படிப் போனார்கள். பக்கற் எட்டாத ஊர்களில் உப்பும் வெல்லமும் எல்லா வீட்டிலும் இருந்ததால்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் "ஒரு சிட்டிகை போடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர்கள் எழும்பிப் போகவில்லை. எந்த மூன்று விரல், எதுவரை அள்ள வேண்டும் என்று காட்டினார்கள். தாயின் கையாலேயே அள்ளச் செய்து பார்த்தார்கள். அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் எதுவரை வரும் என்று அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து வேறொருவர் முன்னறிவித்தல் இல்லாமல் வந்து, சில வீடுகளைத் தெரிவு செய்து, "இப்போது கலக்கிக் காட்டுங்கள்" என்பார். தாய் கலக்கிய தண்ணீரை எடுத்துச் சென்று அதிலுள்ள உப்பை ஆய்வுகூடத்தில் சோதிப்பார்கள். தாய்மார் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்தே கற்றுக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம்! இத்தனையும் செய்த பிறகுதான் அந்த விரல்கள் அளவுகோல் ஆகின.

நம் வீட்டுக் கைகளை யார் இப்படிச் சோதித்தார்கள்? புரியாணிக்கு உப்புப் போடும் கை அபாரமான கைதான். இருபது சஹனுக்கு ஆக்கும் பெண்ணும் கண்பார்த்து உப்புப் போட்டால் ஒரு கல் கூடாது. ஆனால் அவள் ஆணம் கொதிக்கும்போது நாக்கில் விட்டுப் பார்க்கிறாள், குறைந்தால் போடுகிறாள், கூடினால் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சமாளிக்கிறாள். பச்சைப் பிள்ளையின் உடம்பில் கூடிய உப்பை எந்தக் கிழங்கைப் போட்டு எடுப்பது? அதிலும், ஆறடி மனிதனின் கைப்பிடியும் நாலரை அடிப் பெண்ணின் கைப்பிடியும் ஒன்றா?

ஆகவே மருத்துவ மாது சொன்னதுதான் முதல் வழி. பக்கற்றை வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று வாங்கி வைத்திருங்கள். இன்றைய பக்கற்றில், 1 லீற்றர் தண்ணீருக்கு, சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நான் கரைத்துக் கொடுத்த காலத்துப் பக்கற்றில் சாப்பாட்டு உப்பு 3.5 கிராமும் குளுக்கோஸ் 20 கிராமும் இருந்தன. 2002இல்தான் இரண்டையும் குறைத்தார்கள். ஒரு கிராமுக்கும் குறைவான அந்த உப்பு வித்தியாசத்துக்காக உலகம் முழுவதும் சூத்திரத்தை மாற்றினார்கள் என்றால், நாம் அள்ளிப் போடும் சிட்டிகையில் எத்தனை கிராம் கூடிக் குறையும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக் கலவையில் பொட்டாசியமும் கிடையாது. சீனியும் உப்பும் அதைத் தர மாட்டா. அதனால்தான் வீட்டுக் கலவை பக்கற் கிடைக்கும்வரைதான் என்கிறோம்.

பக்கற் இருந்தாலும் தவறு நடக்க இடம் இருக்கிறது. பெரிய பொறி எது தெரியுமா? "போத்தல்" என்ற சொல்தான். நம் நாட்டில் பாலும் தேங்காயெண்ணெயும் பாணியும் போத்தல் கணக்கில் வாங்குகிறோம். அந்தப் போத்தல் 750 மில்லி லீற்றர். "ஒரு போத்தல் தண்ணீரில் ஒரு பக்கற்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பழைய போத்தலில் கரைத்தால், கரைசல் மூன்றில் ஒரு பங்கு கடுமையாகிவிடும். கடையில் விற்கும் தண்ணீர்ப் போத்தலில் 500 மில்லியும் உண்டு, 1 லீற்றரும் உண்டு, ஒன்றரை லீற்றரும் உண்டு. எல்லாமே நம் வாயில் "போத்தல்" தான்! லேபலில் உள்ள எண்ணைப் பாருங்கள். என் வீட்டில் 1 லீற்றர்ப் போத்தல் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, "மருந்துத் தண்ணீர்" என்று எழுதி ஒட்டி, மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அதை வேறு எதற்கும் யாரும் எடுக்கக் கூடாது என்பது சட்டம்.

பக்கற்றைப் பாதி பாதியாகக் கரைப்பதும் வேண்டாம். தூளுக்குள் உப்பும் குளுக்கோசும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் பாதியில் எது வந்தது, மற்றப் பாதியில் எது மிஞ்சியது என்று கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை சிறிதளவுதான் குடிக்கும் என்றாலும் முழுவதையும் கரைத்து, மூடி வைத்து, 24 மணித்தியாலம் கழிந்ததும் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மிச்சத்தை ஊற்ற மனம் வராதவர்கள் நம்மில் அதிகம். ஆனாலும் ஊற்றுங்கள்.

பக்கற்றே கிடைக்காத இரவு வந்தால்? மழை, பாதை மூடி, கடை இல்லை. அப்போது கொதித்து ஆறிய 1 லீற்றர் தண்ணீருக்குச் சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இந்த அளவை இன்றே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அல்மாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஏனென்றால் இதிலே அடிக்கடி நடக்கும் விபத்து, ஆறும் அரையும் இடம் மாறுவது. நடுச்சாமத்தில், பிள்ளை அழும்போது, "உப்பு ஆறா, சீனி ஆறா" என்று தடுமாறிய தாய்மார் உண்டு.

கரண்டி விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். தேக்கரண்டி என்றால் 5 மில்லி லீற்றர் என்று கணக்கு. ஆனால் நம் வீட்டுத் தேக்கரண்டிக்கு அது தெரியாது! கிரேக்க நாட்டில் 25 வீடுகளில் இருந்த 71 தேக்கரண்டிகளை ஆய்வாளர்கள் அளந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மிகச் சிறியது 2.5 மில்லி பிடித்தது, மிகப் பெரியது 7.3 மில்லி. ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். நம் வீடுகளில் கலியாணத்துக்கு வந்த செட், சீதனமாக வந்த செட், பால்மாப் பெட்டியோடு இலவசமாக வந்தது என்று ஆறு வகைக் கரண்டி ஒரே தட்டில் கிடக்கும். நான் பாமசியில் ஊசி இல்லாத 5 மில்லி சிறிஞ்ச் ஒன்று வாங்கி, தண்ணீர் இழுத்து, என் வீட்டுக் கரண்டிகளில் விட்டுப் பார்த்தேன். ஐந்தில் ஒன்றுதான் சரியாக 5 பிடித்தது. ஒன்று மூன்றிலேயே வழிந்தது. நாம் விருந்தாளிகளுக்கு எடுக்கும் பூப்போட்ட கரண்டி ஏழு பிடித்தது. நீங்களும் செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை. சரியான கரண்டியின் காம்பில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். கேக் அடிக்கும் சகோதரிகளிடம் அளவுக் கரண்டிச் செட் இருக்கும். அதில் 5 மில்லியும் இரண்டரை மில்லியும் தனித்தனியாக உண்டு. அதைவிடச் சிறந்தது இல்லை.

கரண்டி சரி, அள்ளும் விதம்? "ஒரு கரண்டி சீனி" என்றால் நாம் கோபுரமாகத்தான் அள்ளுவோம். தேத்தண்ணீருக்கு அது சரி. இங்கே கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்த வேண்டும். கோபுரத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு இருக்கும். அரைக் கரண்டி உப்பை எப்படி அளப்பது? ஒரு கரண்டியை வழித்து எடுத்து, சுத்தமான கடதாசியில் கொட்டி, நீட்டாகப் பரப்பி, கத்தியால் இரண்டாகப் பிரித்து ஒன்றை எடுங்கள். கரண்டியில் பாதி என்று கண்ணால் பார்த்து எடுப்பது பெரும்பாலும் சரியாக வராது. கரண்டியின் அடி ஒடுங்கியிருப்பதால் கண் ஏமாறும். உப்பு தூள் உப்பாக இருக்கட்டும். கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்கும், அதன் கணக்கு வேறு. சமையலறைத் தராசு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசில் மாவையும் சீனியையும் நிறுக்கலாம். மூன்று கிராம் அளவிலான உப்பை அதில் நம்ப முடியாது; அரைக் கிராம் கூடினாலும் அது சொல்லாது.

எல்லாம் அளந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. சீனி போடுவதற்கு முன், உப்பை மட்டும் கரைத்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பாருங்கள். கண்ணீரை விட உப்பாக இருந்தால் முழுவதையும் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கண்ணீரின் ருசி தெரியாத பெண் நம்மில் யார்? சீனி போட்ட பிறகு இந்தச் சோதனை பலிக்காது, இனிப்பு உப்பை மறைத்துவிடும்.

கொடுக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. பால் போத்தலில் வேண்டாம், கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். சாப்பிடும் பிள்ளைக்குக் கஞ்சி, சோறு எல்லாம் கொடுக்கலாம். பட்டினி போடுவது பழைய பிழை. செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. உப்பு மருந்துக்குப் பதிலாக அதை மட்டும் நம்பக் கூடாது. டொக்டர் துத்தநாகக் குளிசை தந்தால், வயிற்றோட்டம் நின்றாலும் சொன்ன 10 முதல் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு வீட்டுக் கலவை செய்துகொண்டிருக்க வேண்டாம். தாய்ப்பாலைக் கொடுத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் கண் குழிந்து, சோர்ந்து, குடிக்க முடியாமல் கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, அளவெடுத்துக்கொண்டு நிற்கும் நேரம் அல்ல அது. வாகனத்தைக் கூப்பிடுங்கள்.

கரண்டிப் பேச்சு வந்ததால் காய்ச்சல் மருந்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. பிள்ளைகளின் பரசிட்டமோல் பாணியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து என்று வேறொன்று சின்னப் போத்தலில் வருகிறது. அதில் சிலவற்றில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். சின்னப் போத்தல், சின்னப் பிள்ளைக்கு, ஆகவே லேசான மருந்து என்றுதான் மனம் நினைக்கும். உண்மையில் அதுதான் கடுமையானது. பாணி என்று நினைத்து ஒரு தேக்கரண்டி சொட்டு மருந்தைக் கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். அது பெரிய ஆள் விழுங்கும் ஒரு முழுக் குளிசை. போத்தலோடு வந்த மூடியை, பிழிகுழாயை அந்தப் போத்தலோடு மட்டும் பாவியுங்கள். ஒன்றின் மூடியால் மற்றதை அளக்க வேண்டாம். எவ்வளவு மில்லி என்பதை டொக்டரிடம் கேட்கும்போது, "எத்தனை கரண்டி?" என்று கேட்காமல் "எத்தனை மில்லி?" என்று கேட்டுப் பழகுங்கள்.

மாவனல்லைச் சகோதரிக்கு ஒரு யோசனை. மாமியிடம் போய் "நீங்கள் செய்வது பிழை" என்று இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம். பங்களாதேஷ் கதையைச் சொல்லுங்கள். பிறகு, "மாமி, உங்கட கைப்பிடியில எத்தனை கரண்டி சீனி வருது என்று ஒருக்கா அளந்து பார்ப்பமா?" என்று கேளுங்கள். சிவப்பு நூல் கட்டிய கரண்டியை அவர் கையிலேயே கொடுங்கள். அளக்கிறவர் அவராக இருக்கட்டும்.

என் தங்கச்சியின் மகனைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவன் இப்போது ஒரு பெண் பிள்ளைக்கு வாப்பா. போன மாதம் ஓர் இரவு பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து டெலிபோன் எடுத்தான். "பெரியம்மா, மகளுக்கு வயிற்றால போகுது. ஒரு லீற்றர்த் தண்ணிக்கு ஒரு பக்கற்தானே?"

முப்பது வருடமாக எனக்கு மனப்பாடமான விடை அது. "ஓம் மகன்" என்று வாயெடுத்துவிட்டேன். பிறகு ஏனோ, "பக்கற்றை வெளிச்சத்தில பிடிச்சி வாசி மகன்" என்றேன்.

சற்று நேரம் சத்தமில்லை. "இது வேறொரு ஜாதிப் பக்கற் பெரியம்மா. இருநூறு மில்லி என்று போட்டிருக்கு."

ஒரு லீற்றரில் கரைத்திருந்தால் பிள்ளைக்கு வெறும் தண்ணீர்தான் போயிருக்கும். மருமகள் அளவுக் கோப்பையைத் தேடும் சத்தம் டெலிபோனில் கேட்டது. அவள் தண்ணீரை அளந்து முடித்து, "சரி மாமி, கோட்டுக்கு நேராத்தான் நிக்குது" என்று சொல்லும் வரை நான் டெலிபோனை வைக்கவில்லை.